ஸ்கோக்கி: நடக்காத ஓர் ஊர்வலத்தின் கதை

அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக்கு வடக்கே, அதை ஒட்டியபடி ஸ்கோக்கி என்று ஓர் ஊர் இருக்கிறது. 1970-களில் அதன் மக்கள் தொகை சுமார் 70,000. அந்த மாநிலச் சட்டப்படி அது ஒரு 'கிராமம்' தான். உலக வரைபடத்தில் தேடினால் சட்டென்று கண்ணில் படாது. ஆனால் அமெரிக்காவில் சட்டம் படிக்கும் எந்த மாணவரைக் கேட்டாலும் இந்த ஊரின் பெயர் தெரியும்.

காரணம், 1977-ல் அங்கே நடப்பதாக இருந்த ஓர் ஊர்வலம். அதில் கலந்து கொள்ள இருந்தவர்கள் 30 முதல் 50 பேர். நேரம் அதிகபட்சம் அரை மணி. அந்த அரை மணி நேரத்துக்காக ஏறக்குறைய 14 மாதங்கள் ஊரே கொந்தளித்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்கில் ஊர் தோற்றது. ஆனால் ஊர்வலம் கடைசி வரை ஸ்கோக்கியில் நடக்கவே இல்லை!

அப்படி என்ன ஊர்வலம் அது? ஹிட்லரின் கொள்கையைப் பின்பற்றுபவர்கள், நாஜி சீருடை அணிந்து, நாஜி ஸ்வஸ்திகா சின்னத்தோடு நடத்த நினைத்த ஊர்வலம். நம் நாட்டில் வாசலிலும் கணக்குப் புத்தகத்திலும் மங்கலச் சின்னமாக வரையப்படும் ஸ்வஸ்திக் வேறு. அங்கே அந்த உருவம் தரும் அர்த்தம் வேறு. ஸ்கோக்கி மக்களுக்கு அது 60 லட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சியின் கொடி.

ஊரும் மக்களும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, சிகாகோவில் இருந்த யூதக் குடும்பங்கள் பல, சொந்த வீடு, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி என்று தேடி ஸ்கோக்கிக்குக் குடி பெயர்ந்தன. 1970-களில் ஊரின் 70,000 பேரில் சுமார் 40,000 பேர் யூதர்கள். அவர்களில் 5,000 முதல் 7,000 பேர் வரை ஐரோப்பாவில் ஹிட்லரின் கொடுமைகளிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்கள் என்று அப்போது கணக்கிடப்பட்டது.

பெற்றோரை, உடன்பிறந்தவர்களை, சிலர் தாங்கள் பெற்ற பிள்ளைகளையே பறிகொடுத்து விட்டு வந்தவர்கள் அவர்கள். புது நாட்டில் புதிதாக மணம் செய்து, கடை வைத்து, வீடு வாங்கி, வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்கியவர்கள். பழைய கதையைப் பலர் தங்கள் பிள்ளைகளிடம் கூடச் சொன்னதில்லை. சொன்னால் யார் கேட்பார்கள், கேட்டாலும் யார் நம்புவார்கள் என்ற தயக்கம் ஒரு பக்கம். நினைக்கவே முடியாத வலி இன்னொரு பக்கம். இப்படி 30 வருடங்கள் மௌனமாகவே ஓடிப் போயின.

பிரச்சனை தொடங்கிய இடம்

சரி, நாஜிக்கள் ஏன் ஸ்கோக்கியைத் தேர்ந்தெடுத்தார்கள்? இதில் தான் ஒரு விசித்திரம் இருக்கிறது. அவர்கள் முதலில் கேட்ட இடமே வேறு.

ஃபிராங்க் காலின் என்பவர் 1970-ல் 'அமெரிக்க தேசிய சோஷலிசக் கட்சி' என்ற பெயரில் ஒரு சிறு கூட்டத்தைத் தொடங்கினார். பெயரில் மட்டும் தான் சோஷலிசம். சிகாகோவின் தென்மேற்கில் உள்ள மார்க்கெட் பார்க் பகுதி தான் அவர்களின் களம். அது வெள்ளையர்கள் வாழ்ந்த பகுதி. பக்கத்துத் தெருக்களில் கறுப்பின மக்கள் வீடு வாங்கத் தொடங்கியதால் அங்கே வெறுப்பு புகைந்து கொண்டிருந்தது. 1966 ஆகஸ்ட் மாதம், கறுப்பின மக்களுக்கும் எல்லா இடத்திலும் வீடு கிடைக்க வேண்டும் என்று மார்ட்டின் லூதர் கிங் ஊர்வலம் போன போது, அவர் தலையில் கல் விழுந்ததும் இதே மார்க்கெட் பார்க்கில் தான்!

அந்த வெறுப்பை வைத்துத் தான் காலின் அரசியல் நடத்தினார். பூங்காவில் அடிக்கடி கூட்டம் போட்டார். அதைத் தடுக்க சிகாகோ பூங்கா நிர்வாகம் ஒரு வழி கண்டுபிடித்தது. பூங்காவில் கூட்டம் நடத்த வேண்டுமானால் இரண்டரை லட்சம் டாலருக்கு இன்சூரன்ஸ் எடுத்து வர வேண்டும் என்றது.

பார்க்க நியாயமான விதி போலத் தெரியும். கூட்டத்தில் சேதம் ஏற்பட்டால் யார் பணம் கட்டுவது? ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி எதைப் பார்த்து பிரீமியம் போடும்? ஆபத்து எவ்வளவு என்று பார்த்துத் தானே? நாஜிக் கூட்டத்துக்கு இன்சூரன்ஸ் கொடுக்க எந்தக் கம்பெனி முன்வரும்? ஆகவே இது 'பேசாதே' என்று சொல்லாமல் பேச்சை நிறுத்தும் விதி. இதே விதியைக் காட்டி, மக்கள் விரும்பாத எந்தக் கூட்டத்தையும் நிறுத்தலாம். கிங் போன்றவர்களின் ஊர்வலத்தையும் சேர்த்துத் தான்.

பூங்காவின் கதவு மூடியதும் காலின் சிகாகோவின் வடக்கே உள்ள பல ஊர்களுக்கு, உங்கள் ஊரில் கூட்டம் நடத்த அனுமதி வேண்டும் என்று கடிதம் எழுதினார். மற்ற ஊர்கள் அந்தக் கடிதத்தைக் கண்டு கொள்ளவில்லை. ஸ்கோக்கியின் பூங்கா நிர்வாகம் மட்டும் பதில் போட்டது: மூன்றரை லட்சம் டாலர் இன்சூரன்ஸ் கொண்டு வாருங்கள்!

பதில் வந்த ஊரை காலின் பிடித்துக் கொண்டார். 1977 மார்ச் 20 தேதியிட்டு ஒரு கடிதம் வந்தது. அந்த இன்சூரன்ஸ் விதியை எதிர்த்து, மே 1-ம் தேதி ஸ்கோக்கி ஊராட்சி அலுவலகத்தின் முன், நடைபாதையில், வரிசையாக நடக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தார். சீருடை இருக்கும், ஸ்வஸ்திகா இருக்கும், வெள்ளையருக்குப் பேச்சுரிமை வேண்டும் என்ற அட்டைகள் இருக்கும்.

ஜன்னலை மூடிக் கொள்ளுங்கள்!

ஊர்த் தலைவர் ஆல்பர்ட் ஸ்மித் ஒரு கத்தோலிக்கர். அவரும் ஊரின் வழக்கறிஞரும் யூத அமைப்புகளின் தலைவர்களும் முதலில் எடுத்த முடிவு இது தான்: வரட்டும், அரை மணி நேரம் நிற்கட்டும், போகட்டும். யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். பார்க்க ஆள் இல்லாவிட்டால் அவர்களுக்கு விளம்பரமும் இல்லை.

தூரத்தில் இருந்து பார்த்தால் இது நல்ல யோசனை தான். காலினுக்குத் தேவை கூட்டமும் கேமராவும். அதைக் கொடுக்காமல் இருப்பதே சரியான பதிலடி என்று நினைத்ததில் தவறில்லை.

ஆனால் இந்த முடிவு முகாமிலிருந்து மீண்டவர்களுக்குத் தெரிந்ததும் கூட்டம் கூட்டமாக வந்து எதிர்த்தார்கள். வீட்டுக்குள் இருங்கள், ஜன்னலை மூடிக் கொள்ளுங்கள், அதுவாகவே போய்விடும்... இந்த வார்த்தைகளை அவர்கள் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருந்தார்கள். 1930-களில் ஐரோப்பாவில் பெரியவர்கள் அப்படித் தான் சொன்னார்கள். அன்றைக்குக் கேட்டு வீட்டுக்குள் இருந்தவர்களின் கதி என்ன ஆனது என்பதை அறிந்தவர்கள், இன்றைக்கு மறுபடியும் அதே அறிவுரையைக் கேட்கத் தயாராக இல்லை.

30 வருடம் பேசாமல் இருந்தவர்கள் முதன்முறையாக ஊர் கேட்கப் பேசினார்கள். ஊர் நிர்வாகம் தன் முடிவை மாற்றிக் கொண்டது.

தடைக்கு மேல் தடை

1977 ஏப்ரல் 28 அன்று ஊர் நிர்வாகம் நீதிமன்றம் போனது. மறுநாள் விசாரணை. முகாமிலிருந்து மீண்ட ஒருவர் சாட்சி சொன்னார். அந்தச் சின்னத்தைத் தன் ஊரில் பார்த்தால் தன்னைக் கட்டுப்படுத்திக் கொள்ள முடியுமா என்று தெரியவில்லை என்றார். நீதிபதி மே 1 ஊர்வலத்துக்குத் தடை விதித்தார். உடனே காலின், மே 1 தானே கூடாது, ஏப்ரல் 30 வருகிறோம் என்று கிளம்பினார்! தடை அந்த நாளுக்கும் நீட்டிக்கப்பட்டது.

மே 2-ம் தேதி ஊர் நிர்வாகம் மூன்று உள்ளூர்ச் சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று, 50 பேருக்கு மேல் ஊர்வலம் போக அனுமதி வேண்டும். அதற்கு 3 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடும் 50,000 டாலர் சொத்துச் சேதக் காப்பீடும் வேண்டும். இரண்டு, இனத்தின் பேராலோ மதத்தின் பேராலோ வெறுப்பைத் தூண்டும் பிரசுரமோ சின்னமோ கூடாது. மூன்று, அரசியல் கட்சிக்காரர்கள் ராணுவம் போன்ற சீருடையில் ஊர்வலம் போகக் கூடாது.

சட்டத்தில் காலினின் பெயர் இல்லை. ஆனால் யாருக்காகத் தைத்த சட்டை என்று எல்லோருக்கும் தெரியும்.

நாஜிக்கு யூத வக்கீல்

காலினுக்காக நீதிமன்றத்தில் நின்றது அமெரிக்க சிவில் உரிமைகள் கழகம். ஏ.சி.எல்.யூ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வாதாடிய வழக்கறிஞர் டேவிட் கோல்ட்பர்கர் ஒரு யூதர்! அந்த அமைப்பின் தேசிய இயக்குநராக அப்போது இருந்த ஆர்யே நையர், 1937-ல் பெர்லினில் பிறந்து, குழந்தையாக இருக்கும் போதே நாஜிக்களிடமிருந்து குடும்பத்தோடு தப்பி வந்தவர்.

இவர்கள் ஏன் இதைச் செய்தார்கள்? காலின் சொல்வது சரி என்று இவர்கள் ஒரு நாளும் நினைக்கவில்லை. அரசாங்கத்துக்குப் பிடிக்காத பேச்சைத் தடை செய்யும் அதிகாரத்தை ஒரு முறை கொடுத்து விட்டால், அடுத்த முறை அது யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது என்பது தான் இவர்கள் வாதம். ஸ்கோக்கி போட்ட சட்டங்களைப் போலவே தெற்கு மாநிலத்து வெள்ளை நிர்வாகங்களும் போட்டால், கறுப்பின மக்களின் ஒரு ஊர்வலம் கூட நடந்திருக்காது. நையர் பிறகு 1979-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 'என் எதிரிக்காக வாதாடுதல்' என்பது அதன் தலைப்பின் பொருள்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சின்னதில்லை. உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் விலகினார்கள். நன்கொடை குறைந்தது.

எதிர்த் தரப்பு வாதமும் லேசானதில்லை. பேச்சு என்றால் கேட்பவர் மனதை மாற்ற முயல்வது. ஆனால் முகாமிலிருந்து மீண்டவர்கள் வாழும் தெருவில் ஸ்வஸ்திகாவோடு நடப்பவர்கள் யாருடைய மனதை மாற்ற வருகிறார்கள்? இது ஆறாத காயத்தில் வேண்டுமென்றே குத்தும் செயல், அதைப் பேச்சு என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு முழுமையான பதில் இன்று வரை யாரிடமும் இல்லை.

தீர்ப்புகள்

1977 ஜூன் 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ஒரு உத்தரவு போட்டது. ஊர்வலம் போகலாமா கூடாதா என்று அது சொல்லவில்லை. பேச்சைத் தடை செய்தால் மேல்முறையீட்டை உடனே விசாரிக்க வேண்டும், இல்லையென்றால் அது வரை தடையை நிறுத்தி வைக்க வேண்டும் என்றது. வருடக் கணக்கில் வழக்கை இழுத்தே ஒருவரின் வாயை அடைத்து விடலாம் அல்லவா? அந்த வழியை அடைத்தது இந்தத் தீர்ப்பு.

ஜூலையில் இல்லினாய்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடுவழி ஒன்றைப் பிடித்தது. ஊர்வலம் போகலாம், ஸ்வஸ்திகா கூடாது! 1978 ஜனவரி 27 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. சின்னமும் ஒரு வகைப் பேச்சு தான். ஊர்வலம் எப்போது என்று முன்பே தெரிவதால், பார்க்க விரும்பாதவர்கள் விலகிப் போகலாம் என்றது.

மூன்று உள்ளூர்ச் சட்டங்களும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விழுந்தன. நீதிபதி பெர்னார்ட் டெக்கர் 1978 பிப்ரவரி 23 அன்று அவை செல்லாது என்று தீர்ப்பளித்தார். மே 22 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காலின் தரப்பின் கருத்துகளை வெறுத்துக் கொண்டே, அவற்றைச் சொல்லும் உரிமையை நீதிபதிகள் காப்பாற்றினார்கள்.

கடைசியில் நடந்தது

வேறு வழியில்லாமல் ஸ்கோக்கி நிர்வாகம் 1978 ஜூன் 25-க்கு அனுமதி கொடுத்தது. அதே நாளில் எதிர் ஆர்ப்பாட்டம் நடத்த நாடெங்கிலும் இருந்து பல்லாயிரம் பேர் வரத் தயாரானார்கள். 50 பேர் நடக்கும் நடைபாதையைச் சுற்றி அவ்வளவு பேர்!

இதற்கு நடுவே ஜூன் 20 அன்று, சிகாகோவில் இன்னொரு தீர்ப்பு வந்தது. இன்சூரன்ஸ் இல்லாமலே மார்க்கெட் பார்க்கில் காலின் கூட்டம் நடத்த அனுமதிக்க வேண்டும் என்று பூங்கா நிர்வாகத்துக்கு உத்தரவு. அந்த உத்தரவைப் போட்ட நீதிபதி ஜார்ஜ் லெய்ட்டன் கறுப்பினத்தைச் சேர்ந்தவர். யாருக்கு எதிராக மார்க்கெட் பார்க்கில் காலின் வெறுப்பை வளர்த்தாரோ, அந்த மக்களில் ஒருவர் தான் அவருடைய உரிமையை அவருக்கு எடுத்துக் கொடுத்தார்.

தேடியது கிடைத்து விட்டதால் காலின் ஸ்கோக்கி ஊர்வலத்தைக் கைவிட்டார். ஜூன் 24 அன்று சிகாகோவின் மையத்தில் சுமார் 20 பேரோடு சில நிமிடங்கள் நின்றார். சுற்றி நின்ற ஆயிரக்கணக்கானோரின் கூச்சலில் அவர் பேசியது யார் காதிலும் விழவில்லை. ஜூலை 9 அன்று மார்க்கெட் பார்க்கில் கூட்டம் போட்டார். அதோடு அவர் காலம் முடிந்தது. காலினின் தந்தையே ஹிட்லரின் டாஹாவ் முகாமில் இருந்து தப்பி வந்த ஒரு யூதர் என்று பத்திரிகைகள் எழுதின. காலின் அதை மறுத்தார். 1980-ல் சிறுவர்களிடம் பாலியல் குற்றம் புரிந்ததற்காகச் சிறைக்குப் போனார்.

யாருக்கு வெற்றி?

சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் காலினுக்கு வெற்றி. ஆனால் அந்த விதி பிறகு யாருக்கு உதவியது என்று பார்க்க வேண்டும். 1992-ல் ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்சைத் மாவட்ட வழக்கில், எதிர்ப்பு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு ஊர்வலக் கட்டணத்தை ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைப் போட்டதும் ஒரு வெள்ளை இனவாதக் கூட்டம் தான். ஆனால் அதன் பலன் எல்லோருக்கும் உண்டு. எதிரிகள் அதிகம் உள்ளவர் அதிகப் பணம் கட்ட வேண்டும் என்றால், ஊரில் யாருக்கும் பிடிக்காத நியாயத்தைப் பேசுபவர் தான் முதலில் வாயை மூட வேண்டியிருக்கும்.

அதே சமயம், எல்லா ஊர்வலமும் ஸ்கோக்கி போல நடக்காமல் போவதில்லை. 2017 ஆகஸ்ட்டில் வர்ஜீனியா மாநிலம் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவாதிகள் கூடினார்கள். கூட்டத்துக்கு அனுமதி கேட்டு வாதாடியது இதே ஏ.சி.எல்.யூ.வின் வர்ஜீனியா கிளை. கூட்டத்துக்கு வந்த ஒருவன் எதிர்த்தவர்கள் மேல் காரை ஏற்றியதில் ஒரு பெண் இறந்தார். துப்பாக்கியோடு ஊர்வலம் போக நினைப்பவர்களுக்காக இனி வாதாட மாட்டோம் என்று அந்த அமைப்பு பிறகு அறிவித்தது. ஜெர்மனியோ நாஜிச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவதையே குற்றமாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு நாடும் தான் பட்ட அடியிலிருந்து தன் சட்டத்தை எழுதிக் கொள்கிறது.

ஸ்கோக்கி மக்கள் வழக்கில் தோற்றார்கள். ஆனால் பேசத் தொடங்கியவர்கள் மறுபடி மௌனமாகவில்லை. 1981-ல் தங்களுக்கென்று ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். ஊரில் ஒரு கடை அளவு இடத்தில் சின்ன அருங்காட்சியகம் வைத்தார்கள். பள்ளிகளுக்குப் போய்த் தங்கள் கதையை மாணவர்களிடம் சொன்னார்கள். 1990-ல் இல்லினாய்ஸ் மாநிலம், யூத இனப்படுகொலையின் வரலாற்றைப் பள்ளிகளில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அதற்குப் பின்னால் இவர்களின் உழைப்பு இருக்கிறது. 2009 ஏப்ரலில் அதே ஸ்கோக்கியில் பெரிய அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது.

நீதிமன்றம் அவர்களிடம் கேட்டது மிகப் பெரிய விலை. பார்க்கப் பிடிக்காவிட்டால் விலகிப் போங்கள் என்று நாட்டின் சுதந்திரத்துக்கான செலவை, ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்தவர்கள் தலையிலேயே வைத்தது. பேச்சுரிமை பெரிது என்று பேசும் போதெல்லாம், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஜன்னலை மூடிக் கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். அவர்கள் மூடவில்லை. காலினின் அரை மணி நேரம் வராமலே போனது. அவர்கள் அன்று பேசத் தொடங்கிய கதையைக் கேட்க, இன்றும் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக ஸ்கோக்கிக்கு வருகிறார்கள்.